உடைமையைக் கொடுத்தபின் எஞ்சும் அதிகாரம்: டாடா அறக்கட்டளைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

டாடா சன்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது, அந்தப் பெயரைத் தாங்கிய குடும்பத்தார் அங்கே ஏறக்குறைய இல்லை என்பதுதான். உப்பிலிருந்து மென்பொருள் வரை விற்கும் ஒரு பெருங்குழுமத்தின் தாய் நிறுவனம் அது. அதன் பங்குகளில் சுமார் 66 விழுக்காடு பொது அறக்கட்டளைகளின் பெயரில் இருக்கிறது. சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை ஒன்றே சுமார் 28 விழுக்காட்டையும், சர் ரத்தன் டாடா அறக்கட்டளை சுமார் 23.5 விழுக்காட்டையும் வைத்திருக்கின்றன. மீதி சில சிறிய அறக்கட்டளைகளிடம் பிரிந்து கிடக்கிறது. 18.4 விழுக்காடு அளவுக்கு ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்திடமும், ஏறத்தாழ 13 விழுக்காடு டாடா குழும நிறுவனங்களிடமுமே உள்ளது. 1991 முதல் 2012 வரை தலைவராக இருந்த ரத்தன் நாவல் டாடா தம் சொந்தப் பெயரில் வைத்திருந்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

சொத்தும் தொழிலும் உள்ள குடும்பங்களில் உயில் எழுதும் பேச்சு வரும்போது, யாராவது ஒருவர் "டாடா மாதிரி அறக்கட்டளையில் வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை" என்று சொல்வது வழக்கம். பாகப்பிரிவினை வழக்கு வராது, வரி குறையும், பேரும் நிலைக்கும் என்று மூன்று எண்ணங்கள் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் டாடாக்களின் 130 ஆண்டு வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால் வேறொன்று தெளிவாகிறது: உடைமையை ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிடலாம், அதனோடு வரும் ஆட்சியை அப்படிக் கொடுத்துவிட முடியாது. பங்கு யார் பெயரில் இருந்தாலும், கூட்டத்தில் அந்தப் பங்குக்காகக் கை தூக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரை யார் நியமிப்பது, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விகள் குடும்பத்தின் கூடத்திலிருந்து அறங்காவலர்களின் அறைக்கு இடம் மாறினவே ஒழிய, மறையவில்லை. இந்த ஆய்வு பின்தொடர்வது அந்த இடமாற்றத்தைத்தான்.

தந்தையின் முறை

குழுமத்தைத் தொடங்கிய ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா 1839இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். 1868இல் 21,000 ரூபாய் முதலீட்டில் தனி வணிகம் தொடங்கி, 1877இல் நாக்பூரில் எம்ப்ரஸ் ஆலையைத் திறந்தார். அவர் செய்த கொடைகளில் இரண்டு, பின்னால் வந்தவற்றுக்கு அச்சாக அமைந்தன.

முதலாவது, 1892இல் நிறுவிய ஜே. என். டாடா கல்விக் கொடை. இந்திய மாணவர்கள் வெளிநாடு சென்று உயர்கல்வி பயில்வதற்கு அது பணம் தந்தது. ஆனால் இனாமாகத் தரவில்லை, கடனாகத் தந்தது. படித்து வேலைக்கு வந்தவர் திருப்பிக் கட்ட, அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா, வானியலாளர் ஜயந்த் நார்லிகர் ஆகியோர் இந்தக் கடனில் படித்தவர்கள். கொடுப்பவரின் பெருமிதத்தையும் வாங்குபவரின் கூச்சத்தையும் ஒருசேரக் குறைத்த ஏற்பாடு இது என்பது என் கருத்து.

இரண்டாவது, 1898இல் ஓர் அறிவியல் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஒதுக்க முன்வந்த 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்து. மும்பையிலிருந்த 14 கட்டடங்களும் நான்கு நிலங்களும் அதில் அடக்கம். அவரது செல்வத்தில் ஏறத்தாழ பாதி என்று கூறப்படுகிறது. அரசாங்கத்தின் தயக்கத்தால் திட்டம் இழுபட்டது. 1904 மே 19 அன்று ஜெர்மனியின் பாட் நௌஹைமில் அவர் இறந்தபோது ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் தந்து, 1909இல் இந்திய அறிவியல் கழகம் சட்டப்படி உருவானது. கையெழுத்தாகி முடியாத ஒரு வாக்குறுதியை, தந்தை மறைந்தபின் மகன்கள் தோராப்ஜியும் ரத்தனும் அப்படியே காப்பாற்றினார்கள். நினைத்திருந்தால் 14 கட்டடங்களின் வாடகையைத் தங்களுக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். குடும்ப ஆளுகையைப் பற்றி எத்தனை சாசனங்கள் எழுதினாலும், அடுத்த தலைமுறை முந்தைய தலைமுறையின் சொல்லைத் தன் சொல்லாக ஏற்கிறதா என்பது இப்படியொரு தருணத்தில்தான் தெரிய வருகிறது.

இரண்டு சகோதரர்கள், இரண்டு ஆவணங்கள்

1887இல் தந்தை, மூத்த மகன் தோராப்ஜி, உறவினர் ஆர். டி. டாடா ஆகியோர் சேர்ந்து டாடா அண்டு சன்ஸ் என்ற கூட்டாண்மையைத் தொடங்கியிருந்தார்கள். 1917இல் டாடா சன்ஸ் ஒரு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இந்த மாற்றம் நம் ஆய்வுக்கு முக்கியமானது. கூட்டாண்மையில் ஒருவரது பங்கு அவரது ஆளோடு ஒட்டியது. அவர் இறந்தால் கணக்குத் தீர்க்க வேண்டும். நிறுவனப் பங்கோ ஒரு காகிதம். அதை உயிலில் எழுதலாம், அறக்கட்டளைக்கு மாற்றலாம், கணக்குத் தீர்க்காமலே ஆள் மாறலாம்.

மறுவருடமே அதற்குத் தேவை வந்தது. இளையவரான சர் ரத்தன் டாடா 1918 செப்டம்பரில் இங்கிலாந்தின் கார்ன்வாலில், 47 வயதில் காலமானார். (மேலே சொன்ன ரத்தன் நாவல் டாடா வேறு, அவர் இவரது வளர்ப்பு மகனின் மகன்.) தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்துக்குத் தவணைகளாக மொத்தம் 1,25,000 ரூபாய் அனுப்பியவர், பாடலிபுத்திர அகழாய்வுக்குப் பணம் தந்தவர், லண்டன் பொருளியல் பள்ளியில் வறுமை குறித்த ஆய்வுக்கு 1912இல் நிதி அளித்தவர். அவரது உயிலின்படி 1919இல் சுமார் 80 லட்சம் ரூபாய் மூலநிதியுடன் அறக்கட்டளை அமைந்தது. அந்த உயில், தகுதியும் திறமையும் உள்ளவர்களை அமர்த்தி இந்தியச் சமூகத்தின் சமூக, பொருளாதார, அரசியல் நலன் சார்ந்தவற்றை ஆராயச் செய்யுமாறும், பழகிப்போன பார்வையில் பாராமல் அறிவியலும் தத்துவமும் நாளுக்கு நாள் தரும் புதிய வெளிச்சத்தில் பார்க்குமாறும் அறங்காவலர்களைக் கேட்டுக்கொண்டது.

நம் கோயில் கட்டளைகளை அறிந்தவர்களுக்கு இதன் வேறுபாடு சட்டென்று பிடிபடும். இன்ன தேதியில் இன்ன நைவேத்தியம், இத்தனை பேருக்கு அன்னம் என்று அளந்து எழுதியவை நம் கட்டளைகள். மகமையாகச் சேர்ந்த பணத்துக்கும் பெரும்பாலும் போக வேண்டிய இடம் முன்பே தெரியும். எழுதியவரின் விருப்பம் தெளிவாக இருப்பதால், ஏமாற்றினால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் நூறு வருடத்தில் சத்திரத்தில் தங்க ஆள் இல்லாமற்போகும்போது அந்தத் தெளிவே தளையாகிறது. சர் ரத்தனின் உயில் எதிர்த்திசையில் போனது: செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லாமல், அதைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொன்னது. விளைவாக எல்லா எடையும் அறங்காவலர்களின் நியாய உணர்வின்மேல் வந்து இறங்கியது.

மூத்தவரான சர் தோராப்ஜியின் கதை வேறு. 1924இல் ஜம்ஷெட்பூர் இரும்பாலை கடும் பண நெருக்கடிக்கு ஆளாகி, கூலி கொடுப்பதே கேள்விக்குறியாயிற்று. தோராப்ஜி தம் சொந்தச் சொத்தை, மனைவி மெஹர்பாயின் நகைகள் உட்பட, இம்பீரியல் வங்கியில் அடகு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற ஏற்பாடு செய்தார். அந்த நகைகளில் ஒன்று 245 காரட் எடையுள்ள ஜூபிலி வைரம். கோஹினூரைவிட இரு மடங்குக்கும் மேல் பெரியது. அரசு அவ்வாண்டு எஃகுத் தொழிலுக்குத் தந்த சுங்கப் பாதுகாப்பும் கைகொடுக்க, ஆலை பிழைத்தது, அடகும் மீண்டது. இதைத் தியாகக் கதையாகச் சொல்வது வழக்கம். குடும்பச் சொத்து ஆலோசகராக இருந்து பார்த்தால் இது அபாயமான முடிவு: வரையறுத்த பொறுப்பு கொண்ட ஒரு நிறுவனத்துக்காக, அதன் கடனுக்குச் சட்டப்படி பொறுப்பாகாத தம் தனிச்சொத்தை ஒருவர் பணயம் வைத்தார். அது தோற்றிருந்தால், இன்று நாம் பேசும் அறக்கட்டளைகளில் பெரியது உருவாகியே இருக்காது.

1931 ஜூனில் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், 72 வயதான தோராப்ஜி தம் சொத்து முழுவதையும் அறக்கட்டளைக்கு எழுதினார். மதிப்பு சுமார் ஒரு கோடி ரூபாய். டாடா சன்ஸ் பங்குகள், நிலங்கள், மனைவியின் நகைகள், முத்துப் பதித்த கழுத்துப்பட்டை ஊசி வரை அதில் அடங்கும். மனைவியின் நினைவாக இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கென்று தனியே லேடி டாடா நினைவு அறக்கட்டளையையும் அமைத்தார். அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு உலகில் எந்த நாட்டு ஆய்வுக்கும் போகலாம், ஒரு பங்கு இந்தியாவுக்கு. அடுத்து மனைவியின் சமாதியைக் காண இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவர், வழியில் ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கனில் ஜூன் 3 அன்று இறந்தார். ஆவணம் எழுதியதற்கும் இறப்புக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. உயிலைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்தத் தேதிகளை எடுத்துச் சொல்வது பயன் தரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு சகோதரர்களுக்கும் பிள்ளைகள் இல்லை. சர் ரத்தனின் மனைவி நவாஜ்பாய், கணவர் மறைந்தபின் நாவலை வளர்ப்பு மகனாக ஏற்றார். பிள்ளைகள் இருந்திருந்தால் இதே அளவு சொத்து அறத்துக்குப் போயிருக்குமா என்பதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. டாடாக்களைக் காட்டித் தம் பிள்ளைகளைத் தியாகத்துக்கு அழைக்கும் தந்தையர் இந்த விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஈவுத்தொகையின் பாதை

இந்த ஏற்பாட்டின் இயந்திரத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். இன்றைய நிலையில் டாடா சன்ஸின் வருவாய்க்குப் பெரும் ஊற்று, 1968இல் தொடங்கி 2004இல் பங்குச் சந்தைக்கு வந்த டி.சி.எஸ். என்ற மென்பொருள் நிறுவனம். அது 100 ரூபாய் ஈவுத்தொகை அறிவித்தால், சுமார் 72 ரூபாய் டாடா சன்ஸுக்கு வருகிறது. அந்த 72 ரூபாயும் அறக்கட்டளைகளுக்குப் போய்விடுவதில்லை. எவ்வளவைப் புதிய தொழில்களில் போடுவது, எவ்வளவைத் தன் பங்குதாரர்களுக்கு ஈவாகத் தருவது என்பதை டாடா சன்ஸ் இயக்குநர் குழு முடிவு செய்கிறது. ஈவாக வெளியே வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 66 காசு அறக்கட்டளைகளை அடைகிறது; அந்த வருவாயில் பொதுவாக 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்குச் செலவிட்டால்தான் வரிவிலக்கு நிலைக்கும்.

ஆகவே குழாயின் திருகு அறக்கட்டளையின் கையில் நேரடியாக இல்லை. விமான நிறுவனத்துக்கும் குறைகடத்தித் தொழிற்சாலைக்கும் பணம் வேண்டும் என்று இயக்குநர் குழு சொன்னால், மருத்துவமனைக்கான பணம் அவ்வளவுக்குக் குறையும். அறங்காவலரின் கடமை அறப்பணிக்கு வருவாய் பெருக்குவதா, நீண்ட காலத்தில் பெருகட்டும் என்று பொறுப்பதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. இந்த இழுபறி ஒவ்வொரு குடும்ப நிறுவனத்திலும், தொழிலில் இருக்கும் அண்ணனுக்கும் ஈவை மட்டும் நம்பி வெளியூரில் இருக்கும் தங்கைக்கும் இடையே நடப்பதுதான். இங்கே தங்கையின் இடத்தில் அறக்கட்டளை அமர்ந்திருக்கிறது.

முதலீட்டு நூல்கள் இந்த ஏற்பாட்டை ஒப்பாது. ஒரே நிறுவனத்தில், அதுவும் சந்தையில் விற்க முடியாத பங்கில், மூலநிதி முழுவதையும் வைத்திருப்பது பரவலாக்கம் என்ற முதல் பாடத்துக்கே முரண். ஆனால் 80 லட்சத்தையும் ஒரு கோடியையும் அன்றே அரசுப் பத்திரங்களாக மாற்றி வைத்திருந்தால், பணவீக்கம் அவற்றை எப்போதோ கரைத்திருக்கும். பங்குகளாகவே வைத்ததால் தொழிலோடு கொடையும் வளர்ந்தது. மேலும், பெரும்பான்மைப் பங்குதாரர் சாவதில்லை, திருமணம் செய்துகொள்வதில்லை, பாகம் கேட்பதில்லை. இந்தியத் தொழிற்குடும்பங்கள் பல மூன்றாம் தலைமுறையில் துண்டானபோது டாடா குழுமம் துண்டாகாததற்கு, மற்ற எல்லாப் புகழ்ச்சிகளையும்விட இது நேரான காரணம்.

கட்டிக் கையளித்தல்

அறக்கட்டளைகள் செய்த பணிகளின் பட்டியல் நெடியது; இந்த ஆய்வுக்குச் சிலவே போதும். 1936இல் மும்பையில் சமூகப் பணிக்கான சர் தோராப்ஜி டாடா பட்டப்பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1941இல் டாடா நினைவு மருத்துவமனை திறந்தது. 1944 மார்ச்சில் இயற்பியலாளர் ஹோமி பாபா, தோராப்ஜி அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலில் ஆராய்ச்சிக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும், அது அமைந்தால் பிற்காலத்தில் அணுசக்தியைப் பயன்படுத்தும்போது இந்தியா நிபுணர்களை வெளிநாட்டில் தேட வேண்டியிராது என்பது அதன் சாரம். அணுகுண்டு வெடிப்பதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பு எழுதப்பட்டது அக்கடிதம். அறங்காவலர்கள் ஒப்பினார்கள், பம்பாய் மாகாண அரசும் சேர்ந்துகொள்ள, 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது.

இந்தக் கடிதத்தை எழுதியவர், மெஹர்பாயின் உடன்பிறந்தாரின் மகன். இன்றைய நல்லாளுகை விதிப்படி இது உறவினர் விண்ணப்பம். வெளிநிபுணர் கருத்துக் கேட்டிருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். விதிகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆண்டில் அந்த மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் மிகச் சிறந்தது உறவினருடையதாக இருந்துவிட்டது என்பதும் உண்மை.

மருத்துவமனை 1957இல் மத்திய அரசின் வசம் சென்று, 1962 முதல் அணுசக்தித் துறையின்கீழ் வந்தது. அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் அதே துறையின் ஆதரவில் வளர்ந்தது. தொடங்கு, காலூன்றச் செய், பெரிய தோளுக்கு மாற்று என்ற இந்தப் பழக்கம் அறக்கட்டளைகளின் கையை அடுத்த பணிக்கு விடுவித்தது. கட்டிய பள்ளியை மூன்று தலைமுறைக்கும் தானே நடத்த வேண்டும் என்று பிடித்துக்கொண்டு, ஆசிரியர் சம்பளத்துக்கே மூலநிதியைக் கரைக்கும் குடும்ப அறக்கட்டளைகளை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

வாக்கு யாருடையது?

இனி இந்த நிகழ்வின் நடுப்பகுதி. அறக்கட்டளைகள் பெரும்பான்மைப் பங்குதாரர்களாக இருந்தும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பங்குகளின் வாக்கு அவற்றின் கையில் இல்லை. 1963இல் நிறுவனச் சட்டத்தில் செய்த திருத்தம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அறக்கட்டளைகள் வைத்திருக்கும் பங்குகளின் வாக்குரிமையை அரசு நியமிக்கும் பொது அறங்காவலரிடம் ஒப்படைத்தது. அறக்கட்டளையைத் திரையாக வைத்துத் தொழிலதிபர்கள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற ஐயமே இதன் பின்னணி. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அந்த உரிமை அறங்காவலர்களுக்குத் திரும்பியது. இதற்கிடையில் 1970இல், ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தின்படி பிற நிறுவனங்களை நிர்வகிக்கும் நிர்வாக முகமை முறை ஒழிக்கப்பட்டு, குழும நிறுவனங்களின்மேல் டாடா சன்ஸுக்கு இருந்த ஒப்பந்தப் பிடியும் போனது.

அப்படியிருந்தும் குழுமம் ஒன்றாக நின்றதற்கு ஆட்களே காரணம். 1938 முதல் 1991 வரை தலைவராக இருந்த ஜே. ஆர். டி. டாடாவின் சொல்லுக்குச் சட்டம் தராத மதிப்பு இருந்தது. அடுத்து வந்த ரத்தன் டாடா, டாடா சன்ஸுக்கும் முதன்மை அறக்கட்டளைகளுக்கும் ஒருசேரத் தலைமை ஏற்றிருந்தார். உரிமையாளரும் நிர்வாகியும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தால், இருவருக்கும் இடையே என்ன உடன்பாடு என்று யாரும் கேட்பதில்லை, எழுதி வைப்பதுமில்லை.

2012 டிசம்பரில் அந்த நாற்காலி இரண்டானது. சைரஸ் மிஸ்திரி டாடா சன்ஸின் தலைவரானார்; ரத்தன் டாடா அறக்கட்டளைகளின் தலைவராகத் தொடர்ந்தார். மிஸ்திரி சிறுபான்மைப் பங்கு வைத்திருந்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குடும்பத்தவர். அக்குடும்பத்தின் பங்கு, 1965இல் டாடா குடும்ப உறுப்பினர் ஒருவரிடமிருந்து வாங்கியதில் தொடங்கிப் பெருகியது. அறக்கட்டளைக்கு எழுதப்பட்ட பங்கு இடம்பெயராமல் நிற்க, குடும்பத்தாரின் தனிப்பெயரில் இருந்த பங்கு கைமாறி, அரை நூற்றாண்டுக்குப் பின் வழக்காகத் திரும்பி வந்தது.

2016 அக்டோபர் 24 அன்று இயக்குநர் குழு மிஸ்திரியை நீக்கியது. சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்கியதாகவும் நிர்வாகத்தில் முறைகேடு நடந்ததாகவும் அவர் தரப்பு நிறுவனங்கள் தீர்ப்பாயத்துக்குச் சென்றன. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. 2019 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்த உத்தரவிட்டது. 2021 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து டாடா தரப்பை ஆதரித்தது.

வழக்கின் மையத்தில் இருந்தவை, நிறுவனத்தை உள்ளே நடத்தும் முறையை வரையறுக்கும் அதன் சங்க விதிகள். அறக்கட்டளைகள் சேர்ந்து 40 விழுக்காடாவது வைத்திருக்கும்வரை, இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினரை நியமிக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. பெரும்பான்மையால் முடிவாக வேண்டியவற்றில், அந்த நியமன இயக்குநர்களில் பெரும்பான்மையோர் இசைந்தாக வேண்டும். அதாவது மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினாலும் அறக்கட்டளைத் தரப்பு மறுத்தால் முடிவு நிற்காது. இதை ஒடுக்குமுறை என்று கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். 66 விழுக்காடு வைத்திருப்பவர் முழுக் குழுவையுமே நியமித்திருக்கலாம், மூன்றில் ஒரு பங்கோடு நின்றது தாராளமே என்று வாதிக்க இடம் உண்டு. ஆனால் அறக்கட்டளையால் நியமிக்கப்பட்ட இயக்குநர் நிறுவனத்தின் நலனைப் பார்ப்பதா, நியமித்தவரின் நலனைப் பார்ப்பதா என்பதை அந்தத் தீர்ப்பு நடைமுறையில் எளிதாக்கிவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நிறுவனம் தொடர்பான தகவல் எந்த அளவுக்கு அறங்காவலர்களிடம் முன்கூட்டிப் போகலாம், யார் வழியாகப் போகலாம் என்பதை 2012இலேயே ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டிருந்தால், நான்கு ஆண்டு கசப்பில் பாதி மிச்சமாகியிருக்கும்.

2017 பிப்ரவரியில் நாமக்கல் மாவட்டம் மோகனூரைச் சேர்ந்த என். சந்திரசேகரன் தலைவரானார், பார்ஸி அல்லாத முதல் தலைவர் அவர். 2022இல் சங்க விதிகள் திருத்தப்பட்டு, டாடா சன்ஸின் தலைவரும் அறக்கட்டளைகளின் தலைவரும் ஒரே நபராக இருக்க முடியாது என்று எழுதப்பட்டது. வழக்கமாக இருந்தது தற்செயல் என்பதை ஒப்புக்கொண்டு விதியாக்கிய நாள் என்று அதைச் சொல்லலாம்.

இன்று இதைப் பின்பற்ற விரும்புவோர்

டாடா முறையை அப்படியே நகலெடுக்க வருமான வரிச் சட்டம் இன்று இடம் தருவதில்லை. வரிவிலக்குப் பெறும் பொது அறக்கட்டளை நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்வது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. 1973 ஜூன் 1 அன்றே மூலநிதியில் இருந்த சொத்துகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பழைய டாடா பங்குகள் அந்த விலக்கின் நிழலில் இருக்கின்றன. சிறிய டாடா அறக்கட்டளைகளில் ஆறு, 2015இல் தம் வரிவிலக்குப் பதிவைத் தாமே ஒப்படைக்க முன்வந்தன. 2019இல் வருமான வரித் துறை அவற்றின் பதிவை ரத்து செய்தது. அண்மைக் காலத்தில் இதற்கு இணையான பெருங்கொடை செய்த அசீம் பிரேம்ஜி, 2019இல் தம் கட்டுப்பாட்டிலிருந்த நிறுவனங்கள் வைத்திருந்த விப்ரோ பங்குகளில் 34 விழுக்காட்டின் பொருளாதாரப் பயனை அறத்துக்கு ஒதுக்குவதாக அறிவித்தார். பயனை ஒரு பக்கமும் கட்டுப்பாட்டை இன்னொரு பக்கமும் பிரித்துச் சிந்திப்பது, இன்றைய சட்டத்துக்குள் எஞ்சியிருக்கும் வழிகளில் ஒன்று. தம் தொழிற்பங்கை அறத்துக்கு எழுதத் துடிக்கும் குடும்பத்தலைவர் முதலில் சந்திக்க வேண்டியவர், கொடை ஆலோசகரைவிட ஒரு நல்ல வரி வழக்கறிஞர்.

2024 அக்டோபர் 9 அன்று ரத்தன் டாடா மறைந்தார். இரண்டு நாளில், தந்தை ஒருவரும் தாய் வேறுமான அவரது சகோதரர் நோயல் டாடா அறக்கட்டளைகளின் தலைவரானார். அதே மாதம், பதவிக்காலம் முடியும் அறங்காவலர்களை ஆயுள்காலத்துக்கு மறுநியமனம் செய்வதென்ற முடிவும் எடுக்கப்பட்டது. ஓராண்டுக்குள், 2025 செப்டம்பரில், டாடா சன்ஸ் குழுவில் இருந்த ஒரு நியமன இயக்குநரைத் தொடரச் செய்வதா என்பதில் அறங்காவலர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அக்டோபரில் அறங்காவலர் ஒருவரின் மறுநியமனம் பெரும்பான்மையால் மறுக்கப்பட்டது. ஒருமனதாக முடிவெடுப்பதே அதுவரை இருந்த மரபு. அதோடு இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது: 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டாடா சன்ஸை மேல்நிலை வங்கிசாரா நிதி நிறுவனமாக வகைப்படுத்தியதால், மூன்றாண்டுக்குள் பங்குச் சந்தையில் பட்டியலிட வேண்டிய கட்டாயம் எழுந்தது. அதைத் தவிர்க்க, நிறுவனம் கடன்களை அடைத்துவிட்டு நிதி நிறுவனம் என்ற பதிவை ஒப்படைக்க விண்ணப்பித்தது. கடன்சுமையிலுள்ள ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமம் பட்டியலிடுவதை விரும்புகிறது, அறக்கட்டளைகள் விரும்பவில்லை.

பொது அறக்கட்டளைக்குப் பங்குதாரர் பொதுக்குழு கிடையாது. உறுப்பினர் தேர்தலும் கிடையாது. இருக்கும் அறங்காவலர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தங்களைத் தாங்களே நீட்டித்துக்கொள்கிறார்கள். பத்திரத்தை எழுதியவர் இறந்து 90 ஆண்டுகள் ஆகிவிட்டால், அவர் என்ன எண்ணினார் என்று யாரிடமும் கேட்க முடியாது. 2025இல் மகாராஷ்டிர அரசு தன் பொது அறக்கட்டளைச் சட்டத்தைத் திருத்தி, பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிராத இடங்களில் ஆயுள்கால அறங்காவலர்களின் எண்ணிக்கையை மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் நிறுத்தியது. 1963இல் வாக்கைத் தன் கையில் எடுத்த அரசு, இம்முறை நாற்காலிகளை எண்ணத் தொடங்கியிருக்கிறது.